வேட்டுவனும் புழுவும்

உயிர் தான் சார்ந்த பொருளின் இயல்பைத் தன் இயல்பாகக் கொண்டு நிற்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபுகளுள் ஒன்று. ஆணவத்தைச் சார்ந்துழி அறியாமையே வடிவாகவும், உலகத்தைச் சார்ந்துழி உலகமே வடிவாகவும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமேயாகவும் அது விளங்கும் என்பர். இதனை மாணாக்கர் உள்ளத்தில் எளிதிற் பதியவைத்தற்கு ஆசிரியன்மார் எடுத்தாண்டு வந்த உவமைகளுள் வேட்டுவனும் புழுவும் என்பது ஒன்றாம். வடநூலார் இதனைக் கீடப் பிரமர நியாயம் என்ப. வேட்டுவன் என்னும் குளவி மண்ணாற் கூடு சமைத்து, பசும்புழு ஒன்றைக் கொணர்ந்து அதனுள் இட்டு அடைத்து, பலகாலும் கொட்டியும் ஒலித்தும் வர, அப்புழு அக்குளவியையே இடையறாது நினைந்து, தன் புழுவுடம்பு நீங்கிக் குளவியாய் வெளிப்படும் என்பது அவ்வுவமையிற் கூறப்படும் நிகழ்ச்சி. பாகவதத்தில் அவதூதர் தமக்கு ஆசிரியராக எண்ணிய 24 பொருள்களுள்ளும் இக்குளவி இடம்பெற்றது. இவ்வாற்றால் குளவி ஞானாசிரியனாகவும், அதன் கொட்டு உபதேசமாகவும், புழு பக்குவமுடைய மாணாக்கனாகவும் கொள்ளப்பட்டன.

கூட்டினுள் உண்மையில் நிகழ்வது அதுவன்று என்பது இக்காலத்துப் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. புழு குளவியாவதில்லை. குளவி இட்ட முட்டையிலிருந்து தோன்றிய குஞ்சு புழுவை உண்டு வளர்ந்து குளவியாகிப் பறந்து செல்கின்றது. இதனைக் கேட்ட அன்பர் சிலர், ஆன்றோர் வாக்கைக் குறைகூறுதலாம் என்று செவிபொத்துவர். வேறு சிலர், உவமை பொய்த்தமையின் அதனால் விளக்கப்பட்ட பொருளும் பொய்யே என்று நகைப்பர். இவ்விரு திறத்தாரும் கருதாத ஐயம் ஒன்று உண்டு; அதுவே ஆராயத்தக்கது. கூட்டினுள் நிகழ்வது கொலையாயின், கொலையை அருள் என்று சொல்லி வந்ததாக முடியாதோ? அருளும் கொலையும் புறத்தே ஒத்துத் தோன்றுமாயின் அவற்றைப் பிரித்தறியும் அடையாளம் யாது?

இதற்கு விடை காண்டற்கு முதற்கண் நிகழ்ச்சியை உள்ளவாறு அறிதல் வேண்டும். புழுவைத் தம் குஞ்சுக்கு இரையாக்கும் குளவிகள் பெரும்பாலும் இருதிறத்தன. ஒரு திறத்தன புழுவைக் கொட்டி அசைவறச் செய்து தம் முட்டையுடன் கூட்டில் இட்டு வைப்பன. சுவர்களில் மண்கூடு கட்டும் வேட்டுவன் இத்திறத்தது. பிரான்சு நாட்டில் வாழ்ந்த பூச்சிநூற் புலவர் ஃபாபர் (1823 – 1915) இவ்வகைக் குளவிகளைப் பல்லாண்டு பொறுமையுடன் நோக்கி எழுதிவைத்தார். கொட்டுண்ட புழு இறப்பதில்லை. இறந்திருப்பின் சில நாளில் அழுகிக் குஞ்சுக்கு உதவாது போம். அது ஓடவும் மாட்டாது, உண்ணவும் மாட்டாது, உயிர் மட்டும் தங்கிக் கெடாது கிடக்கின்றது. சில புழுக்கள் முற்றும் அசைவொழியாமல் நெளிந்துகொண்டிருத்தலின், அவற்றால் முட்டை நசுங்காவண்ணம் குளவி அதனைக் கூட்டின் மேற்புறத்திலிருந்து மெல்லிய நூலொன்றில் தொங்கவிடுகின்றது என்பதையும் அவர் கண்டார்.

மற்றொரு திறத்தன இன்னும் வியக்கத்தக்கன. அவை புழுவை அசைவறச் செய்வதில்லை. உண்டும் ஊர்ந்தும் திரிகின்ற புழுவின் உடலினுள்ளேயே முட்டைகளைச் செலுத்திவிட்டுப் போகின்றன. புழு முன்போலவே இலையைத் தின்கின்றது. ஆயினும் அது தின்பது அன்றுமுதல் தனக்காக அன்று. வட அமெரிக்காவில் புகையிலையையும் தக்காளியையும் தின்னும் கொம்புப்புழுவும், அதனுடம்பில் வாழும் கொட்டீசியா என்னும் சிறுகுளவியும் இதற்குச் சிறந்த சான்றாவன. அறிஞர் பலரால் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவையும் இவையே.

எவ்வுடம்பும் தன்னுட் புகுந்த அயற்பொருளை எதிர்க்கும் இயல்பினது. புழுவின் குருதியிலுள்ள உயிரணுக்கள் அயலான முட்டையைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும் ஆற்றலுடையன. குளவி அவ்வாற்றலை முன்னரே அடக்கிவிடுகின்றது. முட்டையுடன் ஒருவகை நஞ்சையும், தன் சூலகத்தில் உண்டாகும் வைரசுத் துகள்களையும் அது புழுவினுட் செலுத்துகின்றது. அத்துகள்கள் புழுவின் காவலைத் தளர்த்துகின்றன என்பது 1981-ஆம் ஆண்டு வேறொரு குளவியினிடத்து ஆய்ந்து காட்டப்பட்டது. அன்றியும், முட்டை பொரியும்பொழுது அதன் உறையினின்று பிரியும் உயிரணுக்கள் சில புழுவின் குருதியில் மிதந்து பருத்து, அங்குள்ள சத்தினை ஈர்த்தும் தாம் சுரப்பவற்றை அதனுட் கலந்தும் குஞ்சுகளுக்குத் துணைசெய்கின்றன.

உண்ட உணவை உடலாக ஆக்குதலும், உடலிற் சேர்ந்ததை எரித்து ஆற்றலாகக் கொள்ளுதலும் ஆகிய தொழிலை வளர்சிதை மாற்றம் என்பர். குளவி ஏறிய புழுவினிடத்து இத்தொழில் முழுதும் குஞ்சுகளின் தேவைக்கேற்பத் திரிந்துவிடுகின்றது. பூச்சிகளின் குருதியில் ஓடும் தலையாய சருக்கரை திரெகலோசு எனப்படும். உணவில் மாவுப்பொருள் குறைந்தவிடத்துப் புரதக் கூறுகளிலிருந்து சருக்கரையைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன் கொம்புப்புழுவிற்கு உண்டு. குளவி ஏறிய புழுவினிடத்து இத்திறன் இயல்பான நெறியில் நில்லாது மாறுகின்றது. குருதியிற் சருக்கரை குன்றாது வைக்கப்படுகின்றது. அக்குருதியிற் குளித்துக் கிடக்கும் குஞ்சுகளே அதனைப் பருகுகின்றன. புழு தன் வருங்காலத்திற்கென்று சேமித்தற்குரிய பொருள் அவற்றின் உடலாகின்றது. குஞ்சுகள் புழுவின் உயிர்நிலையான உறுப்புகளைக் கடிப்பதில்லை. கடித்தாற் புழு மாயும்; புழு மாய்ந்தால் தாமும் மாய நேரும்.

முதிர்ந்த குஞ்சுகள் வெளிப்படும் காலம் அணுகும்பொழுது, ஏறத்தாழ 8 மணி நேரத்திற்கு முன்னரே, புழு உண்பதையும் ஊர்வதையும் விட்டுவிடுகின்றது. அதன் மூச்சின் அளவும் தாழ்கின்றது. 1997-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சிகள் இவற்றை அளந்து கூறின. பின்னர்ப் பல பத்துக் குஞ்சுகள், சிலகால் நூற்றுக்கு மேற்பட்டனவும், தோலைத் துளைத்து வெளிவந்து, புழுவின் முதுகிலேயே அரிசிமணி போன்ற வெண்கூடுகளைக் கட்டிக்கொள்கின்றன. புழு அப்பொழுதும் உயிருடன் நிற்கின்றது. ஆனால் அது மீட்டும் உண்பதில்லை. சில நாள் அவ்வாறே இருந்து மடிகின்றது. பிரேசில் நாட்டுப் புழு ஒன்றைப்பற்றி 2008-ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி இதனினும் பெரிது. அப்புழு தன்னுடலைத் துளைத்து வெளிவந்த குஞ்சுகளின் கூடுகளை விட்டகலாது நின்று, அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளைத் தன் தலையை வீசி வீசி விரட்டுகின்றதாம். அக்காவலால் கூடுகளின் அழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றும் கண்டனர்.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. பழைய உவமை முழுதும் பொய்த்ததன்று. புழு உடம்பாற் குளவியாதல் இல்லை என்பது மெய்யே. ஆயின் அதன் செயல் குளவியின் செயலாகிவிடுகின்றது. அதன் ஊண் குளவியின் ஊண். அதன் மூச்சு குளவியின் அளவிற்பட்ட மூச்சு. அதன் காவல் குளவிக் குலத்தின் காவல். சார்ந்ததன் வண்ணமாதல் என்பதற்கு இதனின் வேறொரு காட்சி வேண்டுமோ? ஆனால் ஆன்றோர் அருளுக்கு உவமையாகக் கருதிய அது, உண்மையில் மலத்திற்கே பொருத்தமான உவமையாக நிற்கின்றது. ஆணவம் உயிரோடு உடனாயிருந்தும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. உயிர் தானே உண்பதாகவும், தனக்கே ஈட்டுவதாகவும், தன் விருப்பின்வழியே நடப்பதாகவும் கருதும். உள்ளிருந்து உண்பது வேறொன்று என்பதை அறியாது. தன்னைத் துளைத்ததையே தலையை வீசிக் காத்து நிற்கும் அப்புழுவின் நிலை, தன் செருக்கைத் தன் உயிரினும் மேலாகக் காத்து நிற்கும் மாந்தர் நிலைக்கு எத்துணை அண்மையது!

அற்றேல், அருளுக்கு உவமை இல்லையாயிற்றோ எனின், அற்றன்று. அதுவும் அப்புழுவினிடத்தேயே உளது.

குளவி தீண்டாத கொம்புப்புழுவின் வாழ்க்கையை நோக்குக. அது ஐந்து பருவம் தோலுரித்து வளர்ந்து, மண்ணினுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, பின் வலிய சிறகுடைய அந்துப்பூச்சியாய் வெளிப்படும். சிறகு பெறும் ஆற்றல் தொடக்கந்தொட்டே அதனுள் அடங்கியுள்ளது. எனினும் புழுப்பருவத்தில் அது வெளிப்படாவண்ணம் தடுத்துவைப்பதொரு நீர் அதன் தலையிலுள்ள சிறு சுரப்பிகளினின்று சுரக்கின்றது. இளமைச் சுரப்புநீர் என்னும் இதன் தொழிலை ஆங்கில நாட்டு அறிஞர் விக்கிள்சுவர்த்து 1930-களில் வேறொரு பூச்சியினிடத்துக் கண்டறிந்தார். சிறகினைத் தடுப்பதாகலின் இதனைப் பகை எனலாமோ? ஆகாது. போதிய உடல் வளராமுன் உருமாறும் புழு நிரம்பா உடலினதாய் நலிந்து கெடும். தடுத்தலே அப்பருவத்திற்கு உதவி. புழு இறுதிப் பருவத்தில் ஓரளவு எடையை எய்தியவுடன் அச்சுரப்பு நின்றுபோகின்றது என்பதையும், அந்நீர் முற்றும் அகன்ற பின்னரே உருமாற்றத்தை எழுப்பும் வேறு நீர் தொழிற்படுகின்றது என்பதையும் இக்கொம்புப்புழுவினிடத்தே 1974-ஆம் ஆண்டு ஆராய்ந்து காட்டினர். தடுத்தது எதன்பொருட்டுத் தடுத்ததோ அது கைகூடியவுடன் தானே விலகிக்கொள்கின்றது.

சித்தாந்தம் வல்லார்க்கு இவ்விடத்துத் திரோதான சத்தி நினைவிற்கு வாராமற் போகாது. மறைத்தல் இறைவன் ஐந்தொழில்களுள் ஒன்று. அது மலத்தொடு கூடி நின்று அதனைத் தொழிற்படுத்துதல் பற்றி உபசாரத்தால் மலம் என்றும் பெயர்பெற்றது. ஆயினும் அது பகையன்று. உயிரை உலக நுகர்ச்சியிற் செலுத்தி, வினையை நுகர்ந்து கழிப்பித்து, மலம் பரிபாகம் எய்தும் வரை மறைந்து நின்று, எய்திய பின் மறைப்பு நீங்கி அருட்சத்தியாய் விளங்குவது அதுவேயாம். பருவம் வருந்துணையும் சிறகை அடக்கி, பருவம் வந்துழி விலகும் அச்சுரப்புநீர் இதற்கு ஒருபுடை உவமையாகும்.

இனிக் குளவி செய்வதனை இதனொடு வைத்து நோக்குக. குளவி ஏறிய புழுவினிடத்து அவ்விளமைச் சுரப்புநீர் உரிய காலத்திற் குறைவதில்லை. அதனைச் சிதைத்து அகற்றும் பொருளின் ஆற்றல் ஒடுக்கப்படுகின்றது. அதனால் தடை நீடிக்கின்றது. புழு புழுவாகவே வைக்கப்படுகின்றது. அது ஒருகாலும் சிறகு பெறுவதில்லை. சிறகு முளைப்பின் குஞ்சுகளுக்கு உணவும் உறையுளும் இல்லையாம் அன்றோ?

தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு விடை இதன்கண் உளது. அருளும் மறைக்கும், குளவியும் தடுக்கும். அருள் வாய்த்தவன் உலக ஊணிற் சுவை குன்றி நிற்பான். குஞ்சுகள் வெளிப்படுங்காற் புழுவும் ஊண் ஒழிந்து நிற்கும். அருள் வாய்த்தவன் செயல் அவன் செயலாகாது இறைவன் செயலாம். புழுவின் செயலும் அதன் செயலாகாது குளவியின் செயலாம். புறத்தோற்றம் கொண்டு இவற்றைப் பிரித்தல் அரிது. பிரித்துக் காட்டுவன இரண்டே. ஒன்று, பயன் யாருக்கு என்பது. இறைவன் தன்பொருட்டு ஒன்றும் வேண்டாதவன். அவன் செய்வனயாவும் உயிர்ப்பொருட்டே. குளவி செய்வனயாவும் தன் குலத்தின்பொருட்டே. மற்றொன்று, தடை உரிய காலத்தில் நீங்குகின்றதா என்பது. அருளின் தடை பருவம் வந்துழி நீங்கும். குளவியின் தடை பருவமே வாராதபடி செய்யும்.

இவ்விரு அடையாளமும் ஏட்டிற் கிடத்தற்கு உரியன அல்ல. உவமையில் ஞானாசிரியன் நின்ற இடத்திற் குளவி வைக்கப்பட்டமையின், ஆசிரியத்தன்மையை ஆராய்தற்கும் இவை உதவும். மாணாக்கனுக்கு அடக்கம் வேண்டும், பணிவு வேண்டும், தன்னை ஒப்புவித்தலும் வேண்டும். இவை நூல்கள் கூறுவன. ஆயின் ஒப்புவித்த மாணாக்கனைத் தன் உணவுக்கும் புகழுக்கும் காவலுக்கும் உரியனாக்கிக்கொண்டு, அவன் அறிவு முதிராதபடி ஆண்டுதோறும் அடக்கியே வைப்பவன் ஆசிரியன் அல்லன், அவன் குளவியே. மாணாக்கன் தன்னின்றும் சிறகு பெற்றுச் செல்லுதலைக் கண்டு மகிழ்பவனே ஆசிரியன். பெற்றோர்க்கும், பொருளுதவி செய்வோர்க்கும், பிறரை நல்வழிப்படுத்தப் புகுவோர் யாவர்க்கும் இஃது ஒக்கும்.

இனி, உவமை பொய்த்தலாற் பொருளும் பொய்த்தது என்பார் கூற்றைச் சிறிது ஆராய்வாம் எனின், சீன நாட்டு வரலாறு அதற்கு விடையாகும். அந்நாட்டினரும் குளவி புழுவை எடுத்துச் சென்று மகவாக வளர்க்கும் என்றே நெடுங்காலம் நம்பினர். அவர்தம் பழம்பாடற் றொகுதியிலும் அச்செய்தி உளது. யாங் சியோங் (கி.மு. 53 – கி.பி. 18) என்னும் அறிஞர், குளவி புழுவை நோக்கி என்னைப்போல் ஆகுக என்று வேண்ட அது அவ்வாறே ஆவதுபோல, கன்பூசியரின் மாணாக்கர் அவரைப்போல் ஆயினர் என்று அதனை ஆசிரியனுக்கும் மாணாக்கர்க்கும் உவமையாக்கினார். பின்னர் வந்த மருத்துவ அறிஞர் தாவோ ஓங்சிங் (456 – 536), குளவி தன் முட்டையையே கூட்டில் இடுகின்றது என்றும், உடன் வைக்கப்படும் உயிர்கள் குஞ்சின் உணவே என்றும் கண்ணாற் கண்டு எழுதினார். அதனால் அந்நாட்டில் ஆசிரியரைப் போற்றும் ஒழுக்கம் அழிந்ததோ? இல்லை. அப்புழுவின் பெயர் இன்றும் அவர் மொழியில் வளர்ப்பு மகனைக் குறிக்கும் சொல்லாக நிலவுகின்றது. உவமை விளக்குவதேயன்றி நிறுவுவதன்று. காட்சியும் கருதலும் உரையுமாகிய அளவைகளால் நிறுவப்பட்ட பொருளே உவமையால் விளக்கப்படும். விளக்கு அவிந்தமையால் வீட்டிலுள்ள பொருள் இல்லையாதல் இல்லை. ஆனால் அவிந்த விளக்கை எரிவதாகக் கூறி ஏந்திச் செல்பவன் தானும் இடறிப் பிறரையும் இடறச் செய்வான். பொய்த்தது பொய்த்ததென்று ஒத்துக்கொள்ளுதல் ஆன்றோரை இழித்தலாகாது. அவர் வாய்மையைப் போற்றுதலே ஆகும்.

இறுதியாக ஒன்று. பரிணாம நூல் செய்த டார்வின், 1860-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் அமெரிக்க நண்பர் ஆசா கிரே என்பவர்க்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலைக் குடைந்துண்ணும் இக்குளவிகளை, அன்பும் எல்லாம் வல்ல ஆற்றலும் உடைய கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என வருந்தினார். அவர் வருத்தம் எள்ளி நகைத்தற்குரியதன்று. பிறவுயிரின் துன்பங்கண்டு எழுந்தது அது. உயிரையும் அதன் குறையையும் இல்லாமையினின்று கடவுளே ஆக்கினார் என்பார்க்கு அவ்வினாவிற்கு விடை கூறல் அரிது. உயிர்கள் அநாதி, அவற்றைப் பற்றிய மலமும் அநாதி, உடம்பு வினைக்கீடாகத் தரப்படுவது, தருவதும் அம்மலத்தைத் தேய்த்தற்கே என்னும் சித்தாந்தத்திற்கு விடை உண்டு. குளவியும் கட்டுண்ட உயிரே. புழுவும் கட்டுண்ட உயிரே. இரண்டும் கட்டினின்று விடுபடுதற்கு உரியனவே.

ஆயினும் அவ்விடையைக் கையாளுதற்கண் விழிப்பு வேண்டும். குளவியையும் புழுவையும் மட்டும் கண்டு இறைவன் அருளை நிறுவுதல் எவர்க்கும் இயலாது. அருள் வேறு அளவைகளால் துணியப்படுவது. துணிந்தபின் இக்காட்சியையும் அதனுள் அடக்கிக் காணலாம். மேலும், அது அதன் வினை என்று சொல்லி முகந்திருப்பிச் செல்லுதல் விடையன்று. அது நெஞ்சு வன்மை. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் தரப்பட்டதேயன்றிப் பிறர் துன்பத்தைப் பொறுத்தற்குத் தரப்பட்டதன்று. வெண்கூடுகளைச் சுமந்து உண்ணாது நிற்கும் ஒரு சிறு புழுவைக் காண்பவன் உள்ளம் நெகிழுமாயின், அந்நெகிழ்ச்சியே அவனுள் அருள் தொழிற்படத் தொடங்கியதற்கு அறிகுறி. நெகிழாது உவமை மட்டும் பேசுவானாயின், உள்ளிருந்து அவனை உண்பது எதுவென்று அவனே ஆராய்ந்து கொள்ளக் கடவன்.

திருச்சிற்றம்பலம்.